பிரிட்டிஷ் அடையாளம் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

என் மகள் வேல்ஸின் தலைநகரான கார்டிஃபில் வேலை பார்க்கிறாள். அண்மையில் அங்கே போய் அவளுடன் சில வாரங்கள் தங்கியிருந்தேன். வீட்டு உரிமையாளர் ஓய்வுபெற்ற ஆசிரியர். மாலை வேளைகளில் என்னோடு உட்கார்ந்து பேசுவார். ஒருநாள் இங்கிலாந்து அணியின் கால்பந்தாட்டத்தைத் தொலைக்காட்சியில் சேர்ந்து பார்த்தோம். அவர் எதிரணிக்குக் கைதட்டிக்கொண்டிருந்தார். காரணம் கேட்டபோது, "அது பக்கத்து நாட்டு அணி" என்றார். அவர் வைத்திருப்பதோ இங்கிலாந்து, வேல்ஸ், ஸ்காட்லாந்து, வட அயர்லாந்து நான்குக்கும் பொதுவான பிரிட்டிஷ் பாஸ்போர்ட்.

ஊர் திரும்பியதும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பு விவரங்களைத் தேடிப் படித்தேன். இங்கிலாந்தையும் வேல்ஸையும் சேர்த்துப் பார்த்தால், தம்மை ஆங்கிலேயர் என்று மட்டும் சொன்னவர்கள் 2011இல் 57.7 சதவீதம், 2021இல் 14.9 சதவீதம். பிரிட்டிஷ் என்று மட்டும் சொன்னவர்கள் 19.1 சதவீதத்திலிருந்து 54.8 சதவீதமாக உயர்ந்திருக்கிறார்கள். பழைய அடையாளங்கள் கரைந்து எல்லோரும் ஒரே தேசமாகிவருகிறார்கள் என்று கொள்ளலாமா? அப்படியானால் அந்தப் பெரியவரின் உணர்வை எப்படிப் புரிந்துகொள்வது? என் மகள் அங்கேயே தங்கிவிட்டால் அவள் பிள்ளைகள் தங்களை என்னவென்று சொல்லிக்கொள்வார்கள்?

ஆர்., கோவை

*

அன்புள்ள ஆர்.,

நீங்கள் தந்திருக்கும் எண்கள் சரியானவை. ஆனால் அவற்றிலிருந்து நீங்கள் எடுக்கும் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. இங்கிலாந்தில் கொடுக்கப்பட்ட படிவத்தில் 2011இல் 'ஆங்கிலேயர்' என்ற விடை முதலில் இருந்தது. 2021இல் 'பிரிட்டிஷ்' என்ற விடை முதலிடத்துக்கு வந்தது. மாற்றத்தின் பெரும்பகுதிக்கு இந்த வரிசை மாற்றமே காரணமாக இருக்கக்கூடும் என்று புள்ளியியல் அலுவலகமே குறிப்பிட்டிருக்கிறது. வேல்ஸ் மக்களை மட்டும் தனியே பார்த்தால், தம்மை வேல்ஸ்காரர் என்று மட்டும் சொன்னவர்கள் 57.5 சதவீதத்திலிருந்து 55.2 சதவீதம் என்ற அளவுக்குத்தான் இறங்கியிருக்கிறார்கள். ஸ்காட்லாந்தில் 2022இல் நடந்த கணக்கெடுப்பில் ஸ்காட்டியர் என்று மட்டும் சொன்னவர்கள் 62.4இலிருந்து 65.5 சதவீதமாகக் கூடியிருக்கிறார்கள். அங்கே உண்மையில் சுருங்கியிருப்பது, ஸ்காட்டியராகவும் பிரிட்டிஷாராகவும் ஒருசேர இருக்கிறேன் என்று சொன்ன நடுப்பகுதி, 18.3 சதவீதமாக இருந்தது 8.2 ஆகிவிட்டது. ஒரே தேசமாகக் கரைந்துகொண்டிருக்கும் மக்களிடம் இப்படி நடக்காது.

படிவத்தில் ஒரு வரி மேலே போனதும் கோடிக்கணக்கான ஆங்கிலேயரின் விடை மாறியிருக்கிறது என்றால், அவர்களுக்கு அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கவேண்டிய தேவை நெடுங்காலமாக வந்ததே இல்லை என்றுதான் பொருள். உங்கள் கேள்வியின் மையம் இங்கே இருப்பதாக நான் நினைக்கிறேன். பிரிட்டனின் அடையாளச் சிக்கலைப் பற்றிப் பேசுபவர்கள் பெரும்பாலும் ஸ்காட்லாந்தையும் வேல்ஸையும் பற்றியே பேசுகிறார்கள். விடை தெரியாமல் நிற்பது இங்கிலாந்துதான்.

பிரிட்டன் என்ற அரசு மக்கள் ஒன்றுகூடி உருவாக்கியதல்ல. 1536இல் வேல்ஸ் இங்கிலாந்தின் சட்டத்துக்குள் கொண்டுவரப்பட்டது. 1603இல் ஸ்காட்லாந்து மன்னரே இங்கிலாந்துக்கும் மன்னரானார். 1707இல் இரு நாடாளுமன்றங்கள் இணைந்தன, 1801இல் அயர்லாந்து சேர்க்கப்பட்டது, 1922இல் அதன் பெரும்பகுதி பிரிந்துபோனது. 'நாம் பிரிட்டிஷார்' என்ற உணர்வு இந்த ஏற்பாடுகளுக்குப் பின்னால், பிரான்சுடனான நீண்ட போர்களாலும் புராட்டஸ்டன்ட் சமயப் பற்றாலும் எல்லாவற்றுக்கும் மேலாகப் பேரரசு தந்த வேலைகளாலும் வளர்ந்தது. சென்னை தீவுத்திடல் அருகே குதிரைமேல் அமர்ந்திருக்கும் தாமஸ் மன்றோ கிளாஸ்கோவில் பிறந்தவர். தென்னிந்தியாவின் சுவடிகளையும் கல்வெட்டுகளையும் திரட்டிய காலின் மெக்கன்சி ஸ்காட்லாந்தின் லூயிஸ் தீவுக்காரர். ஏழை நாடாயிருந்த ஸ்காட்லாந்தின் இளைஞர்களுக்குக் கிழக்கிந்தியக் கம்பெனியின் பதவிகள் பெரிய வாசலைத் திறந்துவிட்டன. இருபதாம் நூற்றாண்டில் இரண்டு உலகப் போர்களும், பிபிசியும், 1948இல் தொடங்கிய தேசியச் சுகாதாரச் சேவையும், அரசுடைமையான சுரங்கங்களும் ரயில்வேயும் அந்த உணர்வைத் தாங்கி நின்றன. பேரரசு போயிற்று, தேவாலயங்கள் வெறிச்சோடின, சுரங்கங்கள் மூடப்பட்டன. மேலே இருந்தது மெலிந்தபோது அடியில் இருந்தவை தெரியத் தொடங்கின. ஆனால் அடியில் இருந்தவை எல்லா இடத்திலும் ஒரே வகையானவை அல்ல.

ஸ்காட்லாந்துக்கு நிறுவனங்கள் இருந்தன. 1707 உடன்படிக்கையில் அது நாடாளுமன்றத்தை இழந்தாலும் தன் சட்டத்தையும் நீதிமன்றங்களையும் திருச்சபையையும் கல்விமுறையையும் விட்டுக்கொடுக்கவில்லை. இன்றும் அங்கே குற்ற வழக்கில் நடுவர் குழு (ஜூரி) 15 பேர் கொண்டது. இங்கிலாந்தில் 12 பேர். ஸ்காட்லாந்து வங்கிகள் தம் பெயரில் நோட்டு அச்சிடுகின்றன. 1826இல் லண்டன் அரசு சிறிய மதிப்புள்ள நோட்டுகளை ஒழிக்க முயன்றபோது நாவலாசிரியர் வால்டர் ஸ்காட் புனைபெயரில் கடிதங்கள் எழுதி அதைத் தடுத்தார். இன்றும் பேங்க் ஆஃப் ஸ்காட்லாந்தின் நோட்டுகளில் அவர் முகம் இருக்கிறது. ஒருவர் தினமும் கையில் எடுத்துச் செலவழிக்கும் காசே அவர் எந்த நாட்டுக்காரர் என்று சொல்லிக்கொண்டிருந்தால் அந்த உணர்வை ஊட்டி வளர்க்கத் தனியாக ஓர் இயக்கம் வேண்டியதில்லை. 2014 பொதுவாக்கெடுப்பில் 55.3 சதவீதத்தினர் பிரிட்டனோடு இருப்போம் என்று வாக்களித்தார்கள்; அவர்களில் பெரும்பாலோர் தாங்கள் ஸ்காட்டியர் என்பதைக் கணப்பொழுதும் ஐயுற்றவர்கள் அல்லர்.

வேல்ஸுக்கு அப்படி எதுவும் மிஞ்சவில்லை. 1536 சட்டம் நீதிமன்ற மொழியாக ஆங்கிலத்தை மட்டும் வைத்தது. ஒன்றியத்தின் கொடியில்கூட வேல்ஸுக்கென்று ஒரு கோடு கிடையாது. அவர்களிடம் இருந்தவை மொழியும், 1588இல் வில்லியம் மோர்கன் அந்த மொழியில் பெயர்த்து வெளியிட்ட விவிலியமும், அதைச் சுற்றிப் பிற்காலத்தில் வளர்ந்த கிராமத்துச் சிற்றாலயங்களும்தான். உங்கள் வீட்டு உரிமையாளரைப் புரிந்துகொள்ள நீங்கள் ஒரு கிராமத்தின் கதையைத் தெரிந்துகொள்ள வேண்டும். வடக்கு வேல்ஸில் பாலா என்ற சிற்றூருக்கு அருகே, டிரவெரின் பள்ளத்தாக்கில், கேப்பல் கெலின் என்ற கிராமம் இருந்தது. ஆலயம், பள்ளிக்கூடம், தபால் நிலையம், பண்ணை வீடுகள், கல்லறைத் தோட்டம் எல்லாம் கொண்ட, முழுக்க வேல்ஸ் மொழி பேசிய ஊர். இங்கிலாந்தின் லிவர்பூல் நகருக்குத் தண்ணீர் தேவைப்பட்டது. லிவர்பூல் மாநகராட்சி வேல்ஸின் உள்ளாட்சி அமைப்புகளிடம் அனுமதி கேட்காமல் நேரே லண்டன் நாடாளுமன்றத்துக்குப் போய் 1957இல் தனிச் சட்டம் ஒன்றைப் பெற்றது. வேல்ஸின் 36 உறுப்பினர்களில் ஒருவர்கூட அதற்கு ஆதரவாக வாக்களிக்கவில்லை. ஆயினும் சட்டம் நிறைவேறியது. ஊர் மக்கள் பதாகைகளைத் தூக்கிக்கொண்டு லிவர்பூல் தெருக்களில் ஊர்வலம் போனதும் பயனற்றுப்போனது. 1965இல் அணை திறக்கப்பட்டது. கிராமம் நீருக்கடியில் போயிற்று.

அடுத்த ஆண்டே கார்மார்தன் இடைத்தேர்தலில் வேல்ஸ் தேசியக் கட்சியான பிளைட் கம்ரி தன் முதல் நாடாளுமன்ற உறுப்பினரைப் பெற்றது. அபெரிஸ்ட்வித்துக்குத் தெற்கே சாலையோரத்தில் நிற்கும் இடிந்த சுவர் ஒன்றில் 'டிரவெரினை மறக்காதே' என்று வேல்ஸ் மொழியில் சிவப்புப் பின்னணியில் வெள்ளையாக எழுதப்பட்டிருக்கிறது. எத்தனையோ முறை அதைச் சிதைத்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் யாரோ திரும்ப எழுதிவிடுகிறார்கள். லிவர்பூல் மாநகராட்சி 2005இல் மன்னிப்புக் கேட்டது. நம் பிரதிநிதிகளில் ஒருவர்கூட ஆதரிக்காவிட்டாலும் நம் ஊரை மூழ்கடிக்க முடியும் என்று கண்ணால் கண்ட தலைமுறையிடம், அந்த நாடாளுமன்றம் உங்களுடையதும்தானே என்று வாதிடுவது கடினம். ஆனால் இந்த உணர்வு உடனே அரசியல் வடிவம் பெறவில்லை. 1979இல் தனிச் சட்டமன்றம் வேண்டுமா என்று கேட்டபோது வேல்ஸ் மக்கள் ஐந்தில் நால்வர் வேண்டாம் என்றார்கள். 1997இல் 50.3 சதவீதம் என்ற நூலிழை வேறுபாட்டில் அது கிடைத்தது. அடையாளமும் ஆட்சிக் கோரிக்கையும் வேறு வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நான் அறியேன்.

வட அயர்லாந்தின் நிலைமை தனி. 1998 உடன்படிக்கை அங்கே பிறப்பவர் தம்மை அயர்லாந்துக்காரர் என்றோ பிரிட்டிஷார் என்றோ இரண்டுமென்றோ சொல்லிக்கொள்ளும் உரிமையை அளித்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட உயிர்களைப் பலிகொடுத்த பிறகு எட்டப்பட்ட ஏற்பாடு அது. அதைக் கால்பந்து ரசனையோடு சேர்த்துப் பேச எனக்கு மனமில்லை.

இனி இங்கிலாந்து. அதற்கெனத் தனி நாடாளுமன்றம் இல்லை, தனி அரசு இல்லை. கிரிக்கெட் வாரியம்கூட வேல்ஸோடு சேர்ந்தது. 1966 கால்பந்து உலகக் கோப்பை இறுதிப்போட்டியின் படங்களைப் பாருங்கள். இங்கிலாந்து ரசிகர்கள் கைகளில் பிரிட்டனின் கொடியான யூனியன் ஜாக் பறக்கிறது. 1996 ஐரோப்பியக் கோப்பையில் அதே வெம்பிளி அரங்கில் இங்கிலாந்துக்கே உரிய, புனித ஜார்ஜின் சிவப்புச் சிலுவைக் கொடிகள் நிறைந்திருந்தன. ஒரு தலைமுறைக்குள் தாங்கள் வேறு, பிரிட்டன் வேறு என்று அவர்களுக்கு உறைத்திருக்கிறது. ஆனால் அந்த உணர்வு குடியேற ஒரு வீடு கிடைக்கவில்லை.

அதனால்தான் அங்கே வட்டாரப் பற்று அவ்வளவு வலுவாக இருக்கிறது என்பது என் கருத்து. 1974இல் உள்ளாட்சி எல்லைகள் மாற்றப்பட்டபோது வட இங்கிலாந்தின் யார்க்‌ஷயரிலிருந்து எடுத்து மான்செஸ்டர் பெருநகரோடு சேர்க்கப்பட்ட சாடில்வொர்த் கிராமங்களில் இன்றும் யார்க்‌ஷயரின் சின்னமான வெள்ளை ரோஜாவைக் காணலாம். தென்மேற்கு மூலையிலுள்ள கார்ன்வால் மக்களை 2014இல் அரசே தேசியச் சிறுபான்மையினராக அங்கீகரித்தது. யார்க்‌ஷயர் கிரிக்கெட் சங்கம் அந்த மண்ணில் பிறந்தவர்களை மட்டுமே ஆடவைப்பது என்ற வழக்கத்தைப் பல தலைமுறைகளாகக் காத்து, 1992இல்தான் கைவிட்டது. அவர்களது முதல் வெளிநாட்டு வீரராக வந்தவர் 19 வயது சச்சின் டெண்டுல்கர். மும்பைப் பையனை வரவேற்ற அதே சங்கத்தில், பிரிட்டனில் பிறந்த ஆசிய வம்சாவளி வீரர் ஒருவர் முதன்முதலாக ஆட 2004 வரை ஆயிற்று. அந்த வட்டாரத்தின் நகரங்களான பிராட்ஃபோர்டிலும் லீட்ஸிலும் தெருவெங்கும் ஆசியக் குடும்பத்துப் பிள்ளைகள் மட்டையும் பந்துமாகத் திரிந்த காலம் அது. மண்ணில் பிறந்தால் போதும் என்று சொன்ன அடையாளம், பிறந்தவர்கள் எல்லோரையும் தன்னவராகக் கண்டதில்லை. இது எனக்கு வருத்தம் தரும் செய்தி.

உங்கள் பேரப்பிள்ளைகளைப் பற்றிய கேள்விக்கு இங்கிருந்துதான் விடை சொல்ல முடியும். பிரிட்டிஷ் என்பது குடியுரிமையின் பெயராக இருப்பதால் குடியேறியவர்களின் குடும்பங்கள் அதைத் தயக்கமின்றி ஏற்றுக்கொண்டன. ஆங்கிலேயர் என்ற சொல்லில் வம்சம் பற்றிய நினைப்பு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. சவுத்தாம்டனில் பிறந்து பிரதமராகவே இருந்துவிட்ட ரிஷி சுனக் ஆங்கிலேயர்தானா என்று 2025இல் வெளிப்படையாக விவாதித்தார்கள். ஸ்காட்லாந்திலும் வேல்ஸிலும் இனவெறி இல்லை என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் பாகிஸ்தான் வம்சாவளியைச் சேர்ந்த ஹம்சா யூசுஃப் ஸ்காட்லாந்து தேசியக் கட்சியின் சார்பில் ஸ்காட்லாந்தின் முதலமைச்சரானபோதும், சாம்பியாவில் பிறந்த வான் கெதிங் வேல்ஸின் முதலமைச்சரானபோதும், அவர்கள் எந்த நாட்டை ஆண்டார்களோ அந்த நாட்டுக்காரர்களாகவே அரசியல் மேடையில் நின்றார்கள். சட்டமன்றமும் பள்ளிக்கூடமும் மொழியும் இருக்கும் நாட்டில், புதிதாக வருபவர் அவற்றின் வழியாக உள்ளே நுழைய முடிகிறது.

வேல்ஸின் அரசுப் பள்ளிகளில் 16 வயதுவரை வேல்ஸ் மொழி கட்டாயப் பாடம். கார்டிஃபிலேயே முழுக்க அம்மொழியில் கற்பிக்கும் பள்ளிகளும் இருக்கின்றன. வீட்டில் வேறு மொழி பேசும் பெற்றோர் பலர் விரும்பி அங்கே பிள்ளைகளைச் சேர்க்கிறார்கள். உங்கள் மகள் அங்கேயே தங்கினால் அவள் பிள்ளைகள் தங்களை வேல்ஸ்காரர் என்று சொல்லிக்கொள்ளவே வாய்ப்பு அதிகம். வீட்டில் தமிழர் என்றும் பாஸ்போர்ட்டில் பிரிட்டிஷ் என்றும் இருப்பது அதற்குத் தடையாகாது. பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் காலம் வரும்போது அந்த ஓய்வுபெற்ற ஆசிரியரிடமே யோசனை கேட்கச் சொல்லுங்கள்.

அன்புடன்.