முகாம், பதிவு, குடியுரிமை: கேட்டவர்களும் பதிலும்

நான் முகாமில் வளர்ந்தவன். முகாம் ஆட்களுக்கு மனு எழுதிக் கொடுப்பது இருபது வருடப் பழக்கம். இலங்கைத் தமிழ் அகதிகள் பற்றி மட்டும் கேளுங்கள்.

செல்வி: அரசு நிறையத்தானே செய்கிறது? இன்னும் என்ன குறை?

செய்கிறது, மறுக்கவில்லை. 2021 ஆகஸ்டில் 317 கோடி ரூபாய் அறிவித்தார்கள். 7,469 வீடுகள் அதில் அடக்கம். மாதப் பணக்கொடை, குடும்பத் தலைவருக்கு 1,000 ரூபாயிலிருந்து 1,500 ஆனது. ‘அகதிகள் முகாம்’ போய் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பலகை மாறியது. இதெல்லாம் மாநில அரசின் கையில் இருப்பவை. எங்கள் சட்ட நிலை இருப்பது டெல்லியில். 1951 அகதிகள் உடன்படிக்கையில் இந்தியா கையெழுத்திடவில்லை, உள்நாட்டிலும் தனிச் சட்டம் இல்லை. உயிர் தப்பப் படகேறியவன் பாஸ்போர்ட்டுக்கு எங்கே போவான்? ஆனால் அது இல்லாமல் வந்தவன் ‘சட்டவிரோதக் குடியேறி’. குடியுரிமைச் சட்டத்தின் 2003 திருத்தத்துக்குப் பிறகு அவன் குடியுரிமைக்கு விண்ணப்பிக்கவே முடியாது. 2015 ஜனவரி 9 வரை வந்து பதிவு செய்தவர்களைத் தண்டிப்பதில்லை என்று 2025இல் விலக்கு கொடுத்திருக்கிறார்கள். நல்லது. ஜெயில் பயம் போனது, குடியுரிமை வரவில்லை.

ரவி: 1987 ஜனவரியில் மண்டபம் முகாமில் பிறந்தேன். நான் யார்?

இந்தியக் குடிமகன், தம்பி. 1987 ஜூலை 1க்கு முன் இங்கே பிறந்தவர்களுக்குப் பெற்றோர் எந்த நாட்டவர் என்ற கேள்வியே கிடையாது. 1986இல் இதே முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்குப் பாஸ்போர்ட் கொடுக்கும்படி 2022இல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டது. பிறப்புச் சான்றிதழின் அசலை மட்டும் எந்த ஏஜெண்டிடமும் கொடுக்காதீர்கள்.

சுதா: நான் 1991. எனக்கும் அப்படியா?

இல்லை. நீங்கள் பிறந்தபோது அப்பாவோ அம்மாவோ இந்தியக் குடிமக்களாக இருந்திருக்க வேண்டும்.

முகிலன்: 1995இல் பிறந்தால்?

சுதாவுக்குச் சொன்னதுதான்.

கலா: நான் 1989...

மேலே படியுங்கள் அம்மா. 1987 ஜூலை 1, சுவரில் எழுதி வையுங்கள்.

நிஷா: நான் 2003. அம்மா 1985இல் இங்கே பிறந்தவர்.

இது வேறு! அம்மா குடிமகள் என்றால் நீங்களும் குடிமகள்தான். 2004 டிசம்பர் 3க்குப் பின் பிறந்த தம்பி தங்கைக்கு இது பொருந்தாமல் போகலாம். அப்பாவின் நிலையையும் பார்ப்பார்கள். இருவரின் அசல்களையும் பத்திரப்படுத்துங்கள். ஏஜெண்ட் வேண்டாம்.

அன்பு: சிஏஏ?

அந்தக் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இருப்பது பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான். இலங்கை இல்லை.

ஜான்: கனடாவில் அசைலம் கேட்கலாமா?

என் துறை இல்லை. வக்கீலைப் பாருங்கள், படகு ஏஜெண்டை அல்ல.

பார்த்திபன், யாழ்ப்பாணம்: எல்லாரும் அங்கேயே குடியுரிமை எடுத்தால் வடக்கு கிழக்கில் எங்கட எண்ணிக்கை என்ன ஆவது? திரும்பி வரச் சொல்லுங்கோ.

திரும்ப விரும்புகிறவர் வரட்டும், அவர்களுக்கும் நான்தான் மனு எழுதுகிறேன். ஆனால் முகாமில் இருப்பவர்களில் பல ஆயிரம் பேர் மலையகத்தார், தோட்ட வேலைக்கு இந்தியாவிலிருந்து போனவர்களின் வம்சம். தலையை எண்ணி இரு நாடுகள் பங்கு பிரித்ததுதான் 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம்: இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மீதிப் பேரைப் ‘பிறகு பார்ப்போம்’ என்றார்கள். அந்தக் குடும்பங்களிடம் மறுபடியும் எண்ணிக்கைக் கணக்கா?

பார்த்திபன்: அவையள் கொஞ்சப் பேர். நான் வன்னி ஆட்களைச் சொல்லுறன்.

வன்னியிலேயே மலையகத்தார் இருந்தார்களே ஐயா! 1977 கலவரத்துக்குப் பின் அங்கே குடியேறி, பிறகு அங்கிருந்தும் படகேறியவர்கள். எந்த ஊருக்குத் திரும்புவது? வன்னி ஊர்க்காரர்களிலும் இங்கேயே பிறந்து, கட்டிக்கொடுத்து, பேரன் எடுத்தவர்கள் உண்டு. போவதா இருப்பதா என்பதை அவர்கள் முடிவு செய்யட்டும், நீங்களோ நானோ இல்லை.

தேவி: அண்ணா, நான் கேட்டு ஒரு மணி நேரமாச்சு. திரும்பத்தான் யோசிக்கிறோம், பிள்ளை இங்கே பிறந்தது.

மன்னிக்கணும் தங்கச்சி. சென்னையில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பிள்ளையின் பிறப்பைப் பதியுங்கள். இந்தியப் பிறப்புச் சான்றிதழிலும் உங்கள் பதிவிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் திருத்தம் முதலில், டிக்கெட் பிறகு.