சின்ன டவருக்கு எந்த பேக்கப் வாங்கலாம்?

கேள்வி: சிறிய அளவில் வயர்லெஸ் இணையச் சேவை நடத்துகிறேன். ஒரு மொட்டை மாடியில் நான்கு ரேடியோ (இணைய சிக்னலை அனுப்பி வாங்கும் கருவி), ஒரு ரவுட்டர், ஒரு நெட்வொர்க் சுவிட்ச் இருக்கின்றன. கரண்ட் போனால், கம்ப்யூட்டருக்கு வைக்கிற யூபிஎஸ் அரை மணி நேரம்தான் தாங்குகிறது. எனக்கு எட்டு மணி நேரம் வேண்டும். பெரிய யூபிஎஸ் வாங்கவா, வீட்டு இன்வெர்ட்டர் போடவா?

பதில்: என்னைக் கேட்டால் இரண்டும் வேண்டாம். எதை வாங்குவதற்கு முன்னாலும் ஒரு வாட் மீட்டரை இரவல் வாங்கியாவது மாட்டி, மொத்தமாக எவ்வளவு இழுக்கிறது என்று பாருங்கள். ரேடியோவின் மேல் அச்சிட்டிருப்பது உச்ச அளவு, சாதாரணமாக ஓடும்போது அதைவிடக் குறைவாகத்தான் வரும். உங்களுக்கு 45 வாட் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்.

யூபிஎஸ், பேட்டரியின் 12 வோல்ட் டிசியை (நேர் மின்சாரம்) ஏசி (மாறு மின்சாரம்) ஆக்குகிறது, உடனே உங்கள் அடாப்டர் அந்த ஏசியை மறுபடி 24 வோல்ட் டிசி ஆக்குகிறது, இரண்டு இடத்திலும் கொஞ்சம் வெப்பமாகப் போய்விடுகிறது. இது போதாதென்று இன்வெர்ட்டர் சும்மா இருக்கவே 10, 15 வாட் தின்னும். 500 வாட் லோடு என்றால் அதைக் கண்டுகொள்ள வேண்டாம், 45 வாட்டுக்கு அது பெரிய பங்கு. இதைவிட மோசமான விஷயம் ஒன்று உண்டு: பேட்டரி முழுதும் தீர்ந்து அணைந்த யூபிஎஸ்களில் சில, கரண்ட் வந்த பிறகும் தானாக ஆன் ஆகாது. பட்டனை அழுத்த நடுராத்திரியில் யார் மாடி ஏறுவது?

அதனால் டிசியிலேயே ஓட்டுங்கள். தரமான சார்ஜர், தொடரில் (ஒன்றின் பாசிட்டிவை அடுத்ததன் நெகட்டிவோடு சேர்த்து) இரண்டு 12 வோல்ட் பேட்டரி, பேட்டரி முனைக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், வோல்டேஜ் குறைந்தால் தானே துண்டிக்கும் ஒரு சாதனம், அங்கிருந்து நேராக ரவுட்டர், ரேடியோ. ஆனால் 24 வோல்ட் பேட்டரி என்பது எப்போதும் 24 வோல்ட் இல்லை, சார்ஜ் ஆகும்போது 28.8 வரை ஏறும், தீரும்போது 21 வரை இறங்கும். உங்கள் கருவிகள் அந்த வீச்சைத் தாங்குமா என்று லேபிளில் பார்த்துவிட்டு இணையுங்கள்.

கணக்கு இதுதான்: 45 வாட், 8 மணி நேரம், ஆக 360 வாட்-அவர். வயர், கன்வெர்ட்டர் இழப்பைச் சேர்த்தால் 425. ஈய-அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் தீர்த்தால் ஆயுள் குறையும் என்பதால் இரட்டிப்பாக்குங்கள், 850. அதை 24ஆல் வகுத்தால் சுமார் 35 ஆம்பியர்-அவர். பழசாகும்போது கொள்ளளவு குறையுமே, அதற்கும் இடம் விட்டு நான் தலா 45 ஆம்பியர்-அவரில் இரண்டு வாங்குவேன்.

கேள்வி: லித்தியம் வாங்கச் சொல்கிறார்கள். விலை அதிகம், தகுமா?

பதில்: மாடியில் வெயிலில் காயும் பெட்டி என்றால் தகும். சீல் செய்த ஈய-அமில பேட்டரிக்கு 25 டிகிரிதான் வசதி, அதற்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும். கடையில் சொல்லும் ஐந்து வருடக் கதையெல்லாம் குளுகுளு அறைக்குத்தான். லித்தியத்தில் ஒரு வகையான லித்தியம் அயர்ன் பாஸ்பேட் வெப்பத்தை இதைவிட நன்றாகத் தாங்கும், ஆயிரக்கணக்கான முறை தீர்த்து ஏற்றலாம், கொள்ளளவில் 80 சதவீதத்துக்கு மேலேயே தாராளமாகத் தீர்க்கலாம் என்பதால் உங்கள் தேவைக்கு 24 வோல்ட்டில் 25 ஆம்பியர்-அவரே போதும். இரண்டு 12 வோல்ட் பேக்கைத் தொடரில் போடாமல் ஒரே 24 வோல்ட் பேக்காக வாங்குங்கள். சார்ஜரும் அதற்கேற்றதாக இருக்க வேண்டும், பழைய ஈய-அமில சார்ஜரையே மாட்டிவிடாதீர்கள். உறைபனி விழும் இடமென்றால் யோசியுங்கள், பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது.

எதை வாங்கினாலும் பெட்டிக்கு நிழல் கொடுங்கள். பேட்டரிக்குச் செலவழிக்கும் முன் செய்ய வேண்டிய வேலை அது.

கேள்வி: என் ரேடியோக்கள் 48 வோல்ட் பிஓஇ (நெட்வொர்க் கேபிளிலேயே மின்சாரமும் வரும் முறை). நான்கு பேட்டரியைத் தொடரில் போட்டு நேராகக் கொடுக்கலாமா?

பதில்: கூடாது. தரப்படி 15 வாட் வகை பிஓஇ சுவிட்ச் வெளியே தர வேண்டியது 44 முதல் 57 வோல்ட், 30 வாட் வகைக்கு 50 முதல் 57. நான்கு ஈய-அமில பேட்டரி சார்ஜ் ஆகும்போது 57.6ஐத் தொடும், தீரும்போது 42க்கு வரும், அதாவது இரண்டு பக்கமும் எல்லை தாண்டுகிறது. நிலையாக 54 வோல்ட் தரும் டிசி-டிசி கன்வெர்ட்டரை இடையில் போடுங்கள். 24 வோல்ட்டை வாங்கித் தானே உயர்த்திக்கொள்ளும் பிஓஇ சுவிட்சுகளும் கிடைக்கின்றன, புதிதாக வாங்குவதென்றால் அதுதான் சுலபம். இன்னொன்று, பெரிய தொலைத்தொடர்பு நிறுவனத்தின் 48 வோல்ட் லைனிலிருந்து எடுக்கிறீர்களா? அங்கே பெரும்பாலும் பாசிட்டிவ்தான் எர்த். உங்கள் கருவியில் நெகட்டிவ் எர்த்தாக இருக்கலாம். ஐசொலேஷன் உள்ள (உள்ளே வரும் பக்கமும் வெளியே போகும் பக்கமும் மின்தொடர்பில்லாமல் பிரிந்திருக்கும்) கன்வெர்ட்டர் இல்லாமல் இணைத்தால் ஷார்ட் ஆகிவிடும்.

கேள்வி: பழைய கார் பேட்டரி இரண்டு கிடக்கிறது, போடலாமா?

பதில்: வேண்டாம். அது சில நொடி பெரிய கரண்ட் கொடுத்து இன்ஜினைக் கிளப்பச் செய்தது, மணிக்கணக்கில் தீர்ந்து தீர்ந்து ஏறினால் சீக்கிரம் போய்விடும். அப்புறம், ஆசிட் ஊற்றிய பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், காற்றோட்டமில்லாத பெட்டிக்குள் அது ஆபத்து. பழசையும் புதுசையும் தொடரில் கலக்கவும் கூடாது.

கேள்வி: பேட்டரி போய்விட்டது என்பது கரண்ட் போன பிறகுதான் தெரிகிறது. முன்பே தெரிய வழி?

பதில்: பல ரவுட்டர்கள் உள்ளே வரும் வோல்டேஜைத் தாமே காட்டும். 24 வோல்ட் ஈய-அமிலம் என்றால் 24க்குக் கீழே போனதும் உங்கள் போனுக்குச் செய்தி வரும்படி வையுங்கள். அதோடு மூன்று மாதத்துக்கு ஒரு முறை, வாடிக்கையாளர்கள் குறைவாக இருக்கும் நேரத்தில், மெயின் சுவிட்சை நீங்களே அணைத்து இரண்டு மணி நேரத்தில் வோல்டேஜ் எவ்வளவு இறங்குகிறது என்று குறித்து வைத்துக்கொள்ளுங்கள். போன முறையைவிட வேகமாக இறங்கினால் புது பேட்டரிக்குச் சொல்லிவிடலாம்.