ஃபின் இல்லாத அலாயா பலகை: கேட்டதும் சொன்னதும்

ஆஸ்திரேலியாவில், குவீன்ஸ்லாந்தின் நூசா பக்கம் குடியிருக்கிறேன். அலாயா என்பது அலைச்சறுக்குக்கான பழைய ஹவாய் மரப்பலகை, மெல்லியது; மற்ற பலகைகளின் அடியில் வால்பக்கம் இருக்கிற ஃபின் என்ற சிறு துடுப்பு இதில் இல்லை. முதல் அலாயாவை இழைத்தபோது எனக்கு 52 வயது, இப்போது 59. வந்த கேள்விகளுக்குத் தெரிந்தவரை பதில்.

கே: வயது 55. முழங்கால் கொஞ்சம் தகராறு. எழுந்து நிற்க எத்தனை நாள் ஆகும்?

ப: நிற்பதை இப்போதைக்கு விடுங்கள். நான் ஒரு கோடை முழுக்கப் படுத்தேதான் போனேன். ஃபின் செய்கிற வேலையை இதில் விளிம்புதான் செய்யும். அலைச்சரிவில் அது பதிந்திருக்கும்வரை பிடிப்பு இருக்கும், பலகை தட்டையானதும் பக்கவாட்டில் வழுக்கிக்கொண்டு போய்விடும், அந்த வித்தியாசத்தை முழங்கையும் இடுப்பும் பழகிய பிறகுதான் காலுக்கு வேலை. இன்னொன்று, 7 அடி நீளம், 17 அங்குல அகலம், முக்கால் அங்குலத் தடிமன் என்றால் மொத்தக் கனஅளவே 15 லிட்டர் சொச்சம்தான். பலகையின் எடை 4 கிலோ போக, அது தாங்குவது 11 கிலோ. உங்களைத் தாங்காது. நன்றாக நீந்தத் தெரியாமல் இறங்கவே வேண்டாம்.

கே: வீட்டில் பழைய தேக்குப் பலகை இருக்கிறது, போதுமா?

ப: மிதப்பு பாதியாகிவிடும். அலாயாவுக்கு எடுக்கிற லேசான மரம் பவுலோனியா, கன மீட்டருக்கு ஏறக்குறைய 280 கிலோ, தேக்கு 650. தேக்கில் கதவு செய்யுங்கள்.

கே: இது ஹவாய் அரசர்களுக்கு மட்டும் உரியதாமே?

ப: நீளமான ஓலோ பலகைதான் தலைவர்களுக்கு உரியது. அலாயா எல்லோரும் ஓட்டியது. இளவரசி கயுலானியின் அலாயா ஹொனலூலுவில் பிஷப் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1935இல் அமெரிக்க அலைச்சறுக்கு வீரர் டாம் பிளேக் ஃபின் பொருத்திப் பார்க்கும்வரை பலகைகள் இப்படித்தான் இருந்தன. இந்த நூற்றாண்டில் அந்தப் பழைய பலகைகளைப் பார்த்துவிட்டு பவுலோனியாவில் மறுபடி செய்யத் தொடங்கியவர் டாம் வெக்னர், இதே நூசாவில். எனக்கு ஆசை வந்ததும் அதனால்தான்.

கே: பலகைக்கு எண்ணெய் பூசுவது எதற்கு? எபாக்ஸி பிசின் பூசினால் தண்ணீரே இறங்காதே?

ப: மெல்லிய பலகை அலையில் வளைய வேண்டும், எபாக்ஸி அதை விறைப்பாக்கிவிடும். எங்காவது கீறல் விழுந்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வர வழியில்லை. பவுலோனியா உப்புத்தண்ணீரைத் தாங்கும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, ஆளிவிதை எண்ணெய் மூன்று கை பூசினால் போதும்.

ஆனால் துணி! எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி வைக்காதீர்கள், காயும்போது தானாகச் சூடேறித் தீப்பிடிக்கும். என் கொட்டகையில் வாளிக்குள் போட்டிருந்த துணி சாயங்காலம் புகைந்தது, தொட்டால் கை சுட்டது. விரித்துக் காயவையுங்கள், இல்லாவிட்டால் தண்ணீரில் போடுங்கள்.

கே: (அதே நண்பர்) படகுக்கெல்லாம் எபாக்ஸிதானே பூசுகிறார்கள்?

ப: படகு வளையக் கூடாது, பலகை வளைய வேண்டும். எபாக்ஸி பூசிய என் இரண்டாவது பலகை வால்பக்கம் கறுத்து உப்பியது, ஆறு மாதம் தாங்கவில்லை. பூசித்தான் பார்ப்பேன் என்றால் பூசுங்கள், அடுத்த வருடம் பேசலாம்.

கே: சின்னதாக ஒரு ஃபின் மாட்டினால் சுலபமா?

ப: சுலபம்தான். ஆனால் அது வேறு பலகை, அதை ஓட்டுகிறவர்களிடம் கேளுங்கள்.

கே: எத்தனை நாளில் நிற்கலாம்?

ப: முதல் பதில்.

கே: எண்ணெய்த் துணியைக் குப்பையில் போடலாமா?

ப: நனைக்காமல் போடாதீர்கள்.