தொண்ணூற்றாறு ஆடுகள்

அன்புள்ள ஐயா,

நங்கநல்லூரில் பதினான்கு வருடமாக ஒரு சிறிய நாடகக் குழு நடத்திவருகிறோம். ஒத்திகை, சாமான்கள் எல்லாம் ஒரு வீட்டின் மாடி அறையில். மாத வாடகை 9,000 ரூபாய். எங்கள் ஒவ்வொரு நாடகத்துக்கும் பணம் தந்துவந்த பெரியவர் போன வருடம் காலமாகிவிட்டார். அவருடைய பிள்ளைகள், "வருடத்துக்கு ஒரு விழா வையுங்கள், அதற்குத் தருகிறோம்" என்கிறார்கள். இப்போது ஐந்து மாத வாடகை பாக்கி. போன ஞாயிற்றுக்கிழமை கூடிப் பேசினோம். பாதிப் பேர் அரசிடம் கேட்கலாம் என்றார்கள். மீதிப் பேர், தன் காலில் நிற்காததை எதற்கு இழுத்துப்பிடிக்க வேண்டும், மூடிவிடலாம் என்றார்கள். எனக்கு இரண்டும் சரியாகப் படவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

எஸ்., நங்கநல்லூர்

அன்புள்ள எஸ்.,

மூடாதீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

இந்த ஊரில் எந்தக் கலை நிறுவனம் டிக்கெட் காசில் மட்டும் தன் காலில் நின்றிருக்கிறது? சபாக்களே சந்தா, நன்கொடை, விளம்பரத் தட்டி, ஹால் வாடகை என்று நாலு பக்கமும் முட்டுக்கொடுத்துத்தான் நிற்கின்றன. 1928-ல் தொடங்கிய மியூசிக் அகாடமிக்கு இன்றைய அரங்கம் அமைய 1962 ஆகிவிட்டது. கோட்டையூர் ரோஜா முத்தையா 1992-ல் காலமானபோது அவர் சேர்த்துவைத்திருந்தவை ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்கள், இதழ்கள், துண்டறிக்கைகள். 1994-ல் அவற்றை வாங்கியது சிகாகோ பல்கலைக்கழகம். சென்னையிலேயே வைத்தார்கள் என்பது நம் பாக்கியம். யாரும் தாங்கிப்பிடிக்காமல் இருந்திருந்தால் அவை என்ன ஆகியிருக்கும் என்று, அவை இப்போது இருக்கும் தரமணி நூலகத்துக்குப் போகும்போதெல்லாம் நினைப்பேன்.

உங்கள் கடிதத்தில் எனக்கு உறுத்தியது அந்தப் பிள்ளைகள் சொன்ன பதில்தான். விழாவுக்குத் தருகிறோம். எல்லோரும் இதைத்தான் சொல்கிறார்கள். விழாவில் பொன்னாடை உண்டு, போட்டோ உண்டு. வாடகை ரசீதில் என்ன இருக்கிறது?

2015 டிசம்பர் வெள்ளத்தில் நான் நிர்வாகக் குழுவில் இருந்த ஒரு சிறிய நூலகத்துக்குள் முழங்கால் அளவு தண்ணீர் வந்தது. கீழ்த்தட்டுப் புத்தகங்கள் எல்லாம் ஊறி, செங்கல் போலக் கனத்தன. அங்கே வேலை பார்த்த ஒரு அம்மா மூன்று மாதம் தரையில் உட்கார்ந்து, ஒவ்வொரு தாளுக்கும் இடையில் பழைய செய்தித்தாளை வைத்து, ஃபேனுக்கு அடியில் காயவைத்துப் பிரித்தெடுத்தார். நனைந்த செய்தித்தாளை எடுத்துவிட்டுக் காய்ந்ததை வைப்பார். மறுநாளும் அதே வேலை. உதவ வந்த ஒரு நிறுவனம் தன் பெயர் பொறித்த புது அலமாரிகள் தந்தது, திறப்பு விழாவும் நடத்தியது. அந்த அம்மாவின் சம்பளத்துக்குக் கேட்டோம். அதற்குத் திட்டத்தில் இடமில்லை என்றார்கள். கடைசியில் எழுபது பேரிடம் மாதம் 200 ரூபாய் வீதம் வாங்கித்தான் கொடுத்தோம். அந்த 14,000 ரூபாய் இல்லையென்றால் அலமாரியில் வைக்கப் புத்தகமே மிஞ்சியிருக்காது.

இதை நம் ஆட்கள் எப்போதோ கண்டுபிடித்துவைத்திருக்கிறார்கள். சோழர் காலக் கல்வெட்டுகளைப் பாருங்கள். கோயிலில் ஒரு நந்தா விளக்கு, அதாவது அணையாத விளக்கு, எரியப் பெரும்பாலும் 96 ஆடுகளைக் கொடுப்பார்கள், சில இடங்களில் 90. ஆடுகள் ஓர் இடையரின் பொறுப்பில் இருக்கும். அவர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். குட்டி பிறப்பதும் கிழடு சாவதும் அவர் பாடு, கணக்கில் எண்ணிக்கை குறையக் கூடாது. 'சாவா மூவாப் பேராடு', சாகாத, மூப்படையாத ஆடு என்று அதற்கு எவ்வளவு அழகான பெயர்! கோயில் ஆட்டைத் தொடாது, நெய்யை மட்டும் எடுத்துக்கொள்ளும். முதலைத் தொடாமல் வட்டியை மட்டும் செலவழிக்கும் நிதியை இன்று ஆடிட்டர்கள் கார்ப்பஸ் என்று சொல்வது இதைத்தான்.

சோழமண்டலம் கலைஞர் கிராமத்து ஓவியர்களும் இதைப் புரிந்துவைத்திருந்தார்கள். கே.சி.எஸ். பணிக்கரும் அவரைச் சேர்ந்தவர்களும் பத்திக் துணி போன்ற கைவினைப் பொருள்களைச் செய்து விற்று, அந்தக் காசில் ஈஞ்சம்பாக்கத்தில் நிலம் வாங்கி 1966-ல் குடியேறினார்கள். முதலில் கூரை. ஓவியம் விற்காத மாதத்திலும் வரைய ஓர் இடம் இருந்தது.

சரி, அரசு. கேளுங்கள், அது நம் வரிப்பணம்தான். ஆனால் மாத வாடகைக்கு அதை நம்பி உட்காராதீர்கள். கம்பெனிகளின் சி.எஸ்.ஆர். பணமும், அதாவது சமூகப் பொறுப்பு நிதியும், அப்படித்தான். 2013 கம்பெனிச் சட்டப்படி பெரிய நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும், அந்தப் பட்டியலில் கலையும் பண்பாடும் உண்டு. ஆனால் அதை வாங்க உங்கள் குழு அறக்கட்டளையாகவோ சங்கமாகவோ பதிவாகி, வருமானவரித் துறையிடம் 12ஏ என்று சொல்லப்படும் அறக்கட்டளைப் பதிவும், நன்கொடை தருபவருக்கு வரிக்கழிவு கிடைக்கச் செய்யும் 80ஜி-யும் பெற்று, சி.எஸ்.ஆர்.-1 படிவமும் கொடுத்திருக்க வேண்டும். பதிவை இப்போதே தொடங்குங்கள். அப்புறம், 80ஜி-யைக் காட்டி இளைஞர்களிடம் கேட்காதீர்கள். புதிய வரிமுறைக்கு மாறியவர்களுக்கு அந்தக் கழிவு கிடையாது. நாடகம் பிடித்திருந்தால் கொடுங்கள் என்று நேராகக் கேளுங்கள்.

இனி உங்கள் கணக்கு. 9,000 ரூபாய்க்கு ஆளுக்கு 200 என்றால் 45 பேர் போதும். அறுபது பேரைச் சேருங்கள், ஏனென்றால் விட்டுப்போவார்கள். எங்கள் எழுபது பேர் இரண்டாம் வருட முடிவில் நாற்பத்தொன்று ஆனார்கள். அவர்கள் கோபித்துக்கொண்டு போகவில்லை. நாங்கள் போன் செய்து பேசாமல் இருந்துவிட்டோம், அவ்வளவுதான். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரவுசெலவை எழுதி எல்லோருக்கும் வாட்ஸப்பில் அனுப்புங்கள். அழைப்பிதழில் 'அனுமதி இலவசம்' என்று போடுவதையும் விடுங்கள். நூறு ரூபாய் டிக்கெட் வையுங்கள், நண்பர்களுக்கும் சேர்த்து.

வாடகை முழுவதையும் வட்டியிலேயே கட்ட, 7 சதவீதம் என்று வைத்தாலும் பதினைந்தரை லட்சம் வேண்டும். ஒரே நாளில் வராது. ஆனால் அந்தப் பிள்ளைகள் விழாவுக்குத் தருவதாகச் சொன்ன பணம் இருக்கிறதே, அதை அவர்கள் அப்பா பெயரில் வைப்புநிதியாகப் போடச் சொல்லுங்கள். வருடாவருடம் அதில் சேர்க்கட்டும். அறை வாசலில் அப்பா பெயரை எழுதிவையுங்கள். இதைப் பேச அவர்கள் ஆபீஸுக்குப் போகாதீர்கள். ஒத்திகை நடக்கும் ஒரு சாயங்காலம் மாடிக்குக் கூட்டிவந்து உட்காரவைத்து, ஒரு காட்சியை முழுதாகப் பார்க்கவிடுங்கள். அப்பா இத்தனை வருடம் எதற்குக் கொடுத்தார் என்பதை அவர்கள் இதுவரை பார்த்திருப்பார்களா என்பதே சந்தேகம்.

அந்த அறுபதில் ஒருவன் நான். கணக்கு எண்ணை அனுப்புங்கள்.

அன்புடன்.