மீனை விடுவது இருக்கட்டும், முதலில் பயறு வேகட்டும்

கேள்வி: தொண்டி பக்கம் கடலோர ஊர் எங்களுடையது. வயது 54. ஒன்பது வருடமாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். வீட்டில் தினமும் மீன். மீன், கறி, முட்டையைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, பிறகு பாலையும் நிறுத்த ஆசை. மீனை விட்டால் கை கால் ஓய்ந்துவிடும் என்கிறார் மதினி. இரண்டு தடவை முயன்றேன். இரண்டு தடவையும் வயிறு உப்பி, ஒரே வாரத்தில் மீனுக்குத் திரும்பிவிட்டேன். தெரிந்த ஒருவர் கடல்பாசி மாவு வாங்கச் சொல்கிறார், அதில் எல்லாச் சத்தும் இருக்கிறதாம். எப்படித் தொடங்குவது?

பதில்: உங்கள் மதினி சொல்வது பாதி சரி. மீனை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒன்றும் வைக்காவிட்டால் கை கால் ஓயத்தான் செய்யும். நம் பக்கம் சைவம் என்றால் சோறு, ரசம், அப்பளம், ஊறுகாய். விரத நாளில் அது சரி. அதையே வாரம் முழுக்கச் சாப்பிட்டால், மீன் காலி செய்த இடத்தைச் சோறு பிடித்துக்கொள்ளும், சர்க்கரையும் ஏறும்.

கணக்கைப் பாருங்கள். 100 கிராம் மீனில் ஏறக்குறைய 18 முதல் 20 கிராம் புரதம். அதை ஈடுகட்ட, வேகவைக்கும் முன் எடைபோட்ட பருப்போ பயறோ 80, 90 கிராம் வேண்டும். வழக்கமான சாம்பாரில் ஆளுக்கு 15, 20 கிராம் பருப்பு தேறினால் பெரிது. ரேஷனில் கார்டுக்கு மாதம் ஒரு கிலோ துவரம் பருப்பு, 30 ரூபாய்க்குத் தருகிறார்கள். நாலு பேர் வீட்டுக்கு வகுத்தால் ஆளுக்கு ஒரு நாளைக்கு 8 கிராம். அதைக் கையில் கொடுத்துவிட்டு, புரதம் நிறையச் சாப்பிடுங்கள் என்று சுவரில் போஸ்டர் வேறு.

அதனால் இப்போதைக்கு மீனைக் குறைக்காதீர்கள். முதல் மூன்று வாரம் மீன் அதுபாட்டுக்கு இருக்கட்டும். காலையில் ஒரு சிறு கைப்பிடி பச்சைப்பயறு சேருங்கள், அந்த அளவுக்கு இட்லியையோ சோற்றையோ குறையுங்கள். வயிறு பழகப் பழகக் கைப்பிடியைப் பெரிதாக்கலாம். நாலாவது வாரம் இரவு மீனை நிறுத்துங்கள். அப்புறம் மதியம் ஒருநாள் விட்டு ஒருநாள். பால், தயிரைக் கடைசியில் பார்த்துக்கொள்ளலாம். முழுதாக விடுவதற்குத் தோதான காலம் மீன்பிடித் தடைக்காலம்தான். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகு போகாது, வள்ளத்து மீன் விலை ஏறும், மார்க்கெட்டில் ஐஸ் மீன்தான் கிடக்கும். அந்த 61 நாள் நாக்கும் அவ்வளவாக அடம்பிடிக்காது.

வயிறு உப்பியதற்கு ஒரு காரணம் அவசரம். இன்னொன்று உங்கள் ஊர்த் தண்ணீர். நம் கரையில் போர் தண்ணீர் கடினத் தண்ணீர். அதிலிருக்கும் சுண்ணாம்புச் சத்து பயறின் தோலை இறுக்கிவிடும், எத்தனை விசில் விட்டாலும் உள்ளே வேகாது. வெந்ததா என்று பார்க்க ஒரு பயறை எடுத்து இரண்டு விரலுக்கு நடுவே நசுக்குங்கள். வெண்ணெய் மாதிரி பரவ வேண்டும். நடுவில் மணல் போல நெருடினால் மறுபடி அடுப்பில் வையுங்கள். காவிரித் தண்ணீரோ, குடத்துக்குக் காசு கொடுத்து வாங்கும் நல்ல தண்ணீரோ, எது இருக்கிறதோ அதில் இரவே ஊறப்போட்டு, ஊறிய தண்ணீரைக் கொட்டிவிட்டு, மறுபடி நல்ல தண்ணீரிலேயே வேகவையுங்கள். புளியை வெந்த பிறகுதான் சேர்க்க வேண்டும், புளிப்பும் வேகவிடாது. பாசிப்பருப்பு, பச்சைப்பயறில் தொடங்குங்கள். கொண்டைக்கடலையும் மொச்சையும் இரண்டு மாதம் கழித்து வரட்டும்.

இனி அந்தக் கடல்பாசி மாவு. மண்டபம் பக்கம் பெண்கள் மூச்சடக்கி முங்கி எடுக்கும் பாசியை நான் குறை சொல்லவில்லை. நோன்புக் காலத்தில் கீழக்கரை வீடுகளில் செய்யும் கடல்பாசி இனிப்பும் எனக்குப் பிடிக்கும். ஆனால் அந்தக் கடல்பாசி பெரும்பாலும் நார்தான், புரதம் அல்ல. சுருள்பாசி என்று டப்பாவில் வருகிறதே, ஸ்பைருலினா, அது நம் கடலிலிருந்து வருவதில்லை, தொட்டியில் வளர்ப்பது. அதில் புரதம் உண்டு. ஆனால் ஒரு ஸ்பூனில் எத்தனை கிராம் இருந்துவிடும்? அந்தக் காசுக்கு எத்தனை கிலோ பயறு வரும் என்று விற்பவரிடமே கேளுங்கள். உள்ளங்கையை வைத்தால் உடம்பில் என்ன குறை என்று சொல்லும் மெஷினோடு ஒருவர் வருவார். மெஷின் எந்தக் குறையைச் சொன்னாலும் அதற்கான டப்பா அவர் பையிலேயே இருக்கும்! வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

அந்த மாவில் நரம்புக்கும் ரத்தத்துக்கும் வேண்டிய பி12 வைட்டமின் இருக்கிறது என்பதுதான் அதிலேயே ஆபத்தான பொய். அதில் இருப்பது பெரும்பாலும் பி12 போலத் தோன்றும் வேறொன்று, நம் உடம்புக்குப் பயன்படாது. கீரை, பருப்பு, சிறுதானியம், தேங்காய் எதிலும் பி12 கிடையாது. தேவை என்னவோ ஒரு நாளைக்கு 2 மைக்ரோகிராமுக்குச் சற்று மேல், அவ்வளவுதான். கல்லீரல் சில வருடங்களுக்குச் சேர்த்து வைத்திருக்கும். அதனால்தான் மீனை விட்டவர்கள் இரண்டு வருடம் கழித்தும், எனக்கு ஒன்றும் ஆகவில்லையே என்பார்கள். உங்களுக்கு அந்தச் சேமிப்பை நம்ப முடியாது. மெட்ஃபார்மினை வருடக்கணக்காகச் சாப்பிட்டால் பி12 உடம்பில் சேர்வது குறையும். மீன் சாப்பிடும்போதே உங்களுக்குக் குறைந்திருக்கலாம். பாதம் மரத்துப்போவது, ஊசி குத்துவது போல எரிவது, இதெல்லாம் சர்க்கரையாலும் வரும், பி12 குறைந்தாலும் வரும். என்னிடம் வந்த ஒரு அம்மா, கால் மரத்ததைச் சர்க்கரை என்றே நினைத்து, எட்டு மாதம் பாசி மாவைக் கரைத்துக் குடித்திருந்தார். ரத்தம் பார்த்தால் பி12 அடிமட்டத்தில். கீரை நிறையச் சாப்பிடுகிறவர்களுக்கு, பி12 குறைவால் வரும் ரத்தசோகை வெளியே தெரியாமல், நரம்பு மட்டும் கெடுவதும் உண்டு.

ஆகவே மீனை விடுவதற்கு முன்பே பி12 அளவு பார்த்துவிடுங்கள். நீங்கள்தான் கேட்டு வாங்க வேண்டும். மாத்திரையை மாதாமாதம் சீட்டில் எழுதுகிற கை, இந்த ஒரு வரியை எழுத மறந்துவிடுகிறது. குறைவாக இருந்தால் மாத்திரையா ஊசியா என்று மருத்துவர் சொல்வார். சரியாக இருந்தாலும், பாலையும் விட்ட பிறகு பி12 மாத்திரை இல்லாமல் இருக்க முடியாது. மெட்ஃபார்மினை நீங்களாக நிறுத்தாதீர்கள். கூடவே, சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் அளவையும் ரத்தத்தில் பாருங்கள். சிறுநீரகத்தில் கோளாறு இருந்தால் மேலே சொன்ன பருப்புக் கணக்கு உங்களுக்கானது அல்ல.

மீனோடு அயோடினும் போகும். உப்பளத்திலிருந்து மூட்டையாக வரும் கல்லுப்பில் அது சேர்ந்திருக்காது, பாக்கெட்டில் அயோடின் கலந்தது என்று போட்டிருப்பதை வாங்குங்கள். நெத்திலியை முள்ளோடு மென்றதில் கிடைத்த சுண்ணாம்புச் சத்துக்குக் கேழ்வரகும் எள்ளும் ஆகும். சாப்பிட்ட கையோடு டீ வேண்டாம், இரும்புச் சத்தைச் சேரவிடாது.

இன்று இரவு ஒரு கைப்பிடி பயறை நல்ல தண்ணீரில் ஊறப்போடுங்கள். பி12 அளவு வந்ததும் அந்த எண்ணை எழுதி அனுப்புங்கள், பாலை எப்போது நிறுத்துவது என்று அதை வைத்துச் சொல்கிறேன்.