குணசேகரனுக்காக அழுத அம்மை

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

மார்த்தாண்டம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து எழுதுகிறேன். 2023 செப்டம்பர் 8ஆம் தேதி நடிகர் மாரிமுத்து காலமான செய்தி வந்தபோது, 'எதிர்நீச்சல்' தொடரை ஒருநாளும் விடாமல் பார்த்துவந்த எங்கள் அம்மை அடுக்களையில் உட்கார்ந்து அழுதார்கள். "எனக்க கூடப்பெறந்தவன் போனது மாதிரி இருக்கு மக்களே" என்றார்கள். முந்தின இரவுவரை, அந்தத் தொடரில் அவர் நடித்த குணசேகரனை "நீ வெளங்கவே மாட்டெ" என்று திட்டிக்கொண்டிருந்தவர்களும் அவர்கள்தான். வீட்டில் எல்லோரும் சிரித்தோம். "கூத்தாடி செத்ததுக்கு நீ இழவு காக்கியா?" என்று சித்தப்பா கேட்டார். 2025 செப்டம்பரில் நகைச்சுவை நடிகர் ரோபோ சங்கர் மறைந்த அன்று, அம்மை யாரிடமும் எதுவும் சொல்லாமல் டிவியை அணைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்கள். அன்று நாங்கள் சிரித்தது தவறு என்று அப்போதுதான் உறைத்தது. நேரில் ஒருமுறைகூடப் பார்த்திராத ஒருவருக்காக அழுவது உண்மையான துக்கம்தானா? இவர்களை எப்படி நினைவுகூர்வது? கைப்பேசியில் வருவதெல்லாம் இறுதி ஊர்வலக் காட்சிகளாகவே இருக்கின்றன.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் அம்மை அழுதது உண்மையான துக்கம். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. தினமும் திட்டிய ஒருவருக்காக அழுதார்கள் என்பது உங்களைச் சிரிக்க வைத்திருக்கிறது. உங்கள் கடிதத்தில் நான் மறுபடி மறுபடி படித்ததும் அந்த இடத்தைத்தான்.

குணசேகரன் என்ற பாத்திரத்தை எண்ணிப் பாருங்கள். வீட்டுப் பெண்கள் எவ்வளவு படித்திருந்தாலும் வாசலைத் தாண்டுவதற்குத் தன்னிடம் கேட்க வேண்டும், சொத்தும் சொல்லும் தன் கையிலேயே இருக்க வேண்டும் என்று நினைக்கிற மூத்த ஆண். எழுத்தறிவில் முன்னே நிற்பதாக நாம் பெருமைப்பட்டுக்கொள்ளும் இந்தக் கன்னியாகுமரி மாவட்டத்தில், அப்படி ஓர் அண்ணனோ மாமனாரோ கணவனோ இல்லாத குடும்பங்கள் எத்தனை இருக்கும்? அவர்களை எதிர்த்து நம் அம்மைமார் ஒரு சொல் உரக்கச் சொன்னதில்லை. மாரிமுத்து அந்த ஆண்கள் அத்தனை பேரையும் தன் உடம்பில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கூடத்துக்கு வந்தார். 'ஏய் இந்தாம்மா' என்று அவர் அதட்டும்போது அதில் நாடகத்தனம் இருக்காது. பழகிப்போன அதிகாரம் இருக்கும், தான் நியாயத்தைத்தான் பேசுகிறோம் என்ற முழு நம்பிக்கை இருக்கும். அவரைத் திட்டியபோது அம்மைமார் வேறு யாரையெல்லாமோ திட்டிக்கொண்டிருந்தார்கள். வாழ்நாள் முழுக்க அடக்கிவைத்த ஆத்திரத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ள ஒவ்வோர் இரவும் வந்து நின்ற மனிதர் திடீரென்று இல்லையென்றால் அழாமல் என்ன செய்வார்கள்? பின்னர் அந்த வேடத்தை வேல ராமமூர்த்தி ஏற்றார். அவரும் தேர்ந்த நடிகர். ஆனால் அங்கே வந்தது வேறொரு குணசேகரன்.

தேனி மாவட்டத்துப் பசுமலைத்தேரியில் பிறந்த மாரிமுத்து, ராஜ்கிரணிடமும் பிறகு வசந்த், மணிரத்னம் போன்றவர்களிடமும் உதவி இயக்குநராக இருந்தவர். 2008இல் 'கண்ணும் கண்ணும்', 2014இல் 'புலிவால்' என்று இரண்டு படங்களை இயக்கினார். திரைத்துறையில் அத்தனை காலம் உழைத்தவரைத் தமிழ்நாட்டின் ஒவ்வொரு வீடும் அறிந்துகொண்டது, வாழ்வின் கடைசி ஒன்றரை ஆண்டில்தான். அந்தத் தொடருக்குக் குரல் கொடுத்துக்கொண்டிருந்தபோதுதான் அவருக்கு நெஞ்சுவலி வந்தது.

நேரில் பார்த்திராதவர் என்று எழுதியிருக்கிறீர்கள். என் அப்பா, முகத்தைப் படத்தில்கூடப் பார்த்திராத ஒருவரோடு பல ஆண்டுகள் வாழ்ந்தவர். எங்கள் வீடு குலசேகரம் பக்கம். தொழில் ரப்பர் பால்வெட்டு. விடியுமுன் தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு போய் வெட்டி முடித்து வந்தால், சிரட்டைகளில் பால் சொட்டி முடிய இரண்டு மூன்று மணி நேரம் ஆகும். அந்த இடைவெளி வானொலிக்கு உரியது. காலை 7.15க்கு டெல்லியிலிருந்து 'ஆகாசவாணி, செய்திகள் வாசிப்பது சரோஜ் நாராயண்சுவாமி' என்ற குரல் வரும். அப்பா கட்டஞ்சாயாத் தம்ளரை வாயருகே பிடித்தபடி குடிக்காமல் உட்கார்ந்திருப்பார். ஏதோ ஒரு வெளிநாட்டுத் தலைவரின் நீளமான பெயரைச் சரோஜ் தட்டுத்தடங்கல் இல்லாமல் சொல்லி முடித்த பிறகுதான் ஒரு மிடறு இறங்கும். செய்தியைவிட அந்தப் பெயர் பத்திரமாகக் கரை சேர்வதில்தான் அவருக்குக் கவனம். தமிழ்ச் செய்தி முடிந்ததும் குமிழைத் திருகி மலையாளச் செய்திக்குப் போவார். அங்கே கோபனின் கனத்த குரல் இருக்கும். 1956 வரை திருவிதாங்கூரிலும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியிலும் இருந்த மண் இது. எங்கள் காதுக்கு இரண்டு மொழியும் வீட்டு மொழிதான்.

கோபன் 2019 ஏப்ரல் 30 அன்று மறைந்தார். அப்பா அன்று முழுவதும் அவரைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தார். சரோஜ் நாராயண்சுவாமி 2022 ஆகஸ்ட் 13 அன்று மும்பையில் காலமானபோது அப்பா இல்லை. செய்தியைப் படித்தவுடன் அவரிடம் சொல்ல எழுந்தேன். திண்ணைவரை போன பிறகுதான் நினைவு வந்தது. அந்தக் குரலுக்கும் என் அப்பாவுக்கும் சேர்த்துத்தான் அன்று அழுதேன். எது யாருக்கான கண்ணீர் என்று எனக்குப் பிரிக்கத் தெரியவில்லை. உங்கள் அம்மைக்கும் தெரிந்திருக்காது.

எப்படி நினைவுகூர்வது என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். நான் ஒன்றைத்தான் அழுத்திச் சொல்வேன்: அவர்கள் செய்த வேலையைச் சொல்லி நினைவுகூர வேண்டும். இன்று நமக்குக் கிடைப்பதெல்லாம் அவர்களுடைய சாவு மட்டுமே. எந்த மருத்துவமனை, எத்தனை மணிக்கு, வாசலில் யார் வந்தார்கள், பெற்ற பிள்ளை எப்படிக் கதறியது என்று காட்டிக்கொண்டே இருக்கிறார்கள். பிணத்தின் முகத்தருகே கேமராவை நீட்டுவது எந்த ஊர் வழக்கம்? நம் தெருவில் ஒருவர் அப்படிச் செய்தால் பந்தலுக்கு வெளியே தள்ளியிருப்போம். அந்தக் காட்சிகளை நீங்கள் பகிராதீர்கள்; வந்தால் அம்மையிடம் காட்டாதீர்கள்.

நம் மாவட்டத்துக் கொடை விழாக்களில் வில்லுப்பாட்டு கேட்டிருப்பீர்கள். அநியாயமாகச் செத்தவர்களின் கதைகள்தான் அங்கே மிகுதி. ஆனாலும் புலவர் எடுத்த எடுப்பில் சாவைப் பாடுவதில்லை. பிறப்பைப் பாடுவார், வளர்ப்பைப் பாடுவார், அந்த மனிதர் செய்தது ஒவ்வொன்றையும் இரவு நெடுகப் பாடி, அவர் நம் வீட்டு ஆளாகவே ஆகிவிட்ட பிறகுதான் சாவுக்கு வருவார். கேட்கிறவர்களும் அப்போதுதான் அழுவார்கள். இதற்கு மாறானவை நாகர்கோவில் சுவர்களில் ஒட்டப்படும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டிகள். தோற்றம் ஒரு தேதி, மறைவு ஒரு தேதி, நடுவில் ஒரு படம். அந்த இரண்டு தேதிக்கும் இடையில் அவர் என்ன செய்தார் என்பதற்கு அதில் இடமே இல்லை.

ஒலிபரப்பாளர்கள் விஷயத்தில் இது இன்னும் அவசரமானது. அந்நாளில் செய்தி நேரடியாக வாசிக்கப்பட்டது. வாசித்து முடித்தால் காற்றோடு போயிற்று. சென்னையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1975 ஆகஸ்ட் 15இல். ஒளிநாடாக்கள் விலை கூடியவையாக இருந்த அந்தக் காலத்தில், ஒரு பதிவை அழித்து அதன்மேல் இன்னொன்றைப் பதிவது பல நிலையங்களில் வழக்கம். அப்படிப் போனவை கேட்டவர்கள், பார்த்தவர்கள் நினைவில்தான் இன்று எஞ்சியிருக்கின்றன. இந்தியா விடுதலை பெற்ற செய்தியை 1947 ஆகஸ்ட் 15 அன்று வானொலியில் தமிழில் வாசித்தவர், பிற்காலத்தில் நாம் குடும்பப் பெரியவராகத் திரையில் கண்ட பூர்ணம் விஸ்வநாதன். அவர் நடித்த படங்கள் நம்மிடம் இருக்கின்றன. அந்த வாசிப்பைக் கேட்டவர்கள் பெரும்பாலும் போய்விட்டார்கள்.

தென்கச்சி கோ. சுவாமிநாதன் நம் பகுதிக்கு இன்னும் நெருக்கமானவர். அரியலூர்ப் பக்கம் பிறந்து, வேளாண்மை படித்து, திருநெல்வேலி வானொலி நிலையத்தில் விவசாய நிகழ்ச்சிகளில் பணியாற்றிய பிறகே சென்னைக்குப் போய் 'இன்று ஒரு தகவல்' சொன்னார். அவர் குரலில் ஏற்ற இறக்கம் மிகக் குறைவு. கேட்பவர் சிரிக்கிற இடத்தில் அவர் சிரிக்க மாட்டார். சொல்ல வந்த கருத்தைச் சொல்லி முடித்து, கடைசியில் ஒரு சின்னக் கதையை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். மேடையில் அதேபோலப் பேச முயன்ற எத்தனையோ பேரைக் கேட்டிருக்கிறேன். சிரிக்காமல் இருப்பது எல்லோருக்கும் கைவந்தது. அந்தப் பரிவு ஒருவருக்கும் வரவில்லை. 2009 செப்டம்பர் 16 அன்று அவர் மறைந்தார்.

இயக்குநரும் நடிகருமான விசு 2020 மார்ச் 22 அன்று, நாடே கதவை அடைத்துக்கொண்டிருந்த மக்கள் ஊரடங்கு நாளில் காலமானார். கூட்டமும் ஊர்வலமும் இல்லை, காட்டுவதற்குக் காட்சியும் இல்லை. அதனாலோ என்னவோ, அன்று எங்கள் வீட்டில், அவர் தொலைக்காட்சியில் நடத்திய 'அரட்டை அரங்க'த்தில் ஒலிவாங்கியைப் பிடித்துத் தயங்கித் தயங்கிப் பேசத் தொடங்கிய சாதாரண மனிதர்களைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். நான் கண்ட நல்ல அஞ்சலிகளில் அதுவும் ஒன்று.

நம் ஊர்க்காரர்களையும் மறந்துவிடக் கூடாது. தேங்காய்ப்பட்டணம் பக்கத்து அம்சியில் பிறந்த நடிகர் பாலா சிங், 1995இல் 'அவதாரம்', 2006இல் 'புதுப்பேட்டை' என்று மிரட்டியவர், சின்னத்திரையிலும் நடித்தவர். 2019 நவம்பர் 27 அன்று அவர் மறைந்தபோதுதான் இவர் நம்ம ஊர்க்காரரா என்று என்னிடமே பலர் கேட்டார்கள். நாட்டின் முதல் உள்ளூர் வானொலி நிலையம் 1984 அக்டோபரில் நம் நாகர்கோவிலில்தான் தொடங்கியது. அதில் நம் பேச்சிலேயே பேசிய குரல்களுக்குச் சென்னையில் யாரும் அஞ்சலி எழுதப் போவதில்லை. கேட்ட நாம்தான் எழுத வேண்டும்.

ஆகவே உங்களிடம் ஒரு வேண்டுகோள். அம்மையின் பக்கத்தில் உட்கார்ந்து, குணசேகரனை முதன்முதலில் எந்தக் காட்சியில் திட்டினார்கள், அப்போது அவர் எப்படி நின்றார், என்ன சொன்னார், அவரைப் பார்க்கும்போது யார் நினைவு வந்தது என்று கேளுங்கள். சொல்லத் தயங்கினால் வற்புறுத்த வேண்டாம். சொன்னால் அவர்கள் பேச்சிலேயே எழுதி அனுப்புங்கள். திருத்தாமல் இதே பக்கத்தில் வெளியிடுகிறேன். சித்தப்பாவும் அப்போது கூட இருந்தால் நல்லது.

அன்புடன்