பிப்ரவரி மாதத்துச் செவ்வாய்க்கிழமை

வாசகர் கேள்வி - பதில்

மார்கழி நெருங்கினால் இந்தப் பகுதிக்குச் சேவைச் சங்கங்களைப் பற்றிய கடிதங்கள் வரத் தொடங்கிவிடும். இம்முறை வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மாவட்டங்களிலிருந்து, அதாவது பழைய ஒருங்கிணைந்த வேலூர் மாவட்டத்திலிருந்து, வந்தவற்றில் ஏழினை எடுத்துக்கொண்டிருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஒரு சங்கத்தில் உறுப்பினராக இருந்து, அதில் மூன்று முறை பொருளாளர் பொறுப்பிலும் அவதிப்பட்டவன் என்ற உரிமையில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் தலைவர் ஜூலை மாதம் பதவியேற்று மறு ஜூனில் இறங்குகிறார். அப்படியிருக்க, டிசம்பர் கடைசி வாரத்தில் 'ஆண்டிறுதிக் கூட்டம்' என்று அழைப்பிதழ் அச்சடிக்கிறார்களே, அது எந்த ஆண்டின் இறுதி?
- ஒரு வாசகர், காட்பாடி

பதில்: உங்கள் குழப்பம் நியாயமானது. 1905இல் தொடங்கிய ரோட்டரிக்கும், 1917இல் தொடங்கிய லயன்ஸ் எனப்படும் அரிமா சங்கத்துக்கும் (இரண்டுமே சிகாகோவில் பிறந்தவை) பதவி ஆண்டு ஜூலை 1 முதல் ஜூன் 30 வரை. தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம், 1975இன் கீழ் பதிவு பெற்ற உள்ளூர் மன்றமாக இருந்தால் கணக்கு ஆண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. டிசம்பர் கூட்டம் இந்த இரண்டில் எதற்கும் இறுதி அல்ல. சுவரில் மாட்டியிருக்கும் காலண்டருக்கு மட்டுமே அது இறுதி.

ஆனாலும் அந்தக் கூட்டத்தைக் கைவிடச் சொல்ல மாட்டேன். ஜூன் மாதத்தில் கணக்குக் கேட்டால், இறங்கப்போகும் தலைவர் புன்னகையோடு "அடுத்து வருகிறவர் பார்த்துக்கொள்வார்" என்று சொல்லித் தப்பிவிட முடியும். டிசம்பரில் அவர் கையில் இன்னும் ஆறு மாதம் மிச்சம் இருப்பதால் அந்தப் பதில் செல்லாது. ஜூலையில் மேடையேறி அறிவித்த திட்டங்களின் பட்டியலை எடுத்து வைத்துக்கொண்டு, எது நடந்தது, எது நடக்கவில்லை, கையில் எவ்வளவு இருக்கிறது என்று ஒவ்வொன்றாகக் கேட்பதற்கு இதைவிடப் பொருத்தமான நாள் கிடையாது.

கேள்வி: ஆண்டிறுதிக் கூட்டத்துக்கான மண்டப வாடகை, இரவு விருந்து, பொன்னாடை, நினைவுப் பரிசு ஆகியவற்றைச் சேவைக் கணக்கில் எழுதும்படி என்னிடம் சொல்கிறார்கள். நான் புதிய பொருளாளர். எழுதலாமா? நன்கொடையாளர்கள் வரிவிலக்கு ரசீதும் கேட்கிறார்கள்.
- ஒரு வாசகர், ஆற்காடு

பதில்: எழுதக் கூடாது. பொதுமக்களிடம் உண்டியல், நன்கொடைச் சீட்டு, நிகழ்ச்சி நுழைவுச்சீட்டு ஆகியவற்றின் மூலம் திரட்டிய பணம் பொதுமக்களுக்கே திரும்பிச் செல்ல வேண்டும் என்பதும், சங்கத்தை நடத்தும் செலவு உறுப்பினர் சந்தாவிலிருந்து வர வேண்டும் என்பதும் அரிமா சங்கத்தின் எழுதப்பட்ட கொள்கை. மற்றச் சங்கங்களுக்கும் நான் அதையே சொல்வேன். நிர்வாகத்துக்கு ஒன்று, சேவைக்கு ஒன்று என இரண்டு வங்கிக் கணக்குகள் வைத்துக்கொண்டால் இந்த வாக்குவாதமே எழாது.

பொன்னாடையைப் பற்றி ஒரு சொல். நான் பொருளாளராக இருந்த ஓராண்டில், ஒரே மாலையில் மேடையில் போர்த்திய பொன்னாடைகளுக்கான பில்லும், அதே வாரம் நாங்கள் வாங்கிய போர்வைகளுக்கான பில்லும் என் மேசையில் அருகருகே கிடந்தன. தொகை ஏறக்குறைய ஒன்றுதான். போர்வை பெற்றவர்கள் அன்றிரவே அதைப் போர்த்திக்கொண்டு படுத்தார்கள். பொன்னாடைகளில் பல இன்றும் யார் வீட்டு பீரோவிலோ மடிப்புக் கலையாமல் இருக்கும்.

வரிவிலக்கைப் பொறுத்தவரை, 80ஜி என்று எல்லோரும் சொல்லும் சலுகை, அதற்கான பதிவு பெற்ற அமைப்புக்குக் கொடுத்தால் மட்டுமே கிடைக்கும். 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் கிடையாது. அரிசி மூட்டையாகவோ துணியாகவோ கொடுத்தாலும் கிடையாது. புதிய வரி முறையைத் தேர்ந்தெடுத்தவருக்கும் கிடையாது. ரசீதை நீட்டுவதற்கு முன்பே இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: கிறிஸ்துமஸ் அன்று எங்கள் மன்றம் ஒரு முதியோர் இல்லத்தில் பிரியாணி வழங்குகிறது. சென்ற ஆண்டு நாங்கள் போன நேரத்தில் இன்னும் இரண்டு அமைப்புகள் உணவோடு வந்திருந்தன. நிறைய வீணாயிற்று. இதை எப்படித் தவிர்ப்பது?
- ஒரு வாசகர், வேலூர்

பதில்: நீங்கள் எழுதியிருப்பது எங்களுக்கும் நேர்ந்தது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு டிசம்பர் 25 அன்று நாங்கள் டேக்சாவோடு ஒரு முதியோர் இல்லத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது, திண்ணையில் ஏற்கெனவே இரண்டு டேக்சாக்கள் இறங்கியிருந்தன. சிறப்பு விருந்தினர் வரத் தாமதமானதால், காலை ஐந்து மணிக்குத் தம் போட்ட பிரியாணியைப் பகல் ஒன்றரை மணிக்குத்தான் திறந்தோம். பந்தியில் என் எதிரே உட்கார்ந்திருந்த மூதாட்டி, கறித்துண்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து இலையின் ஓரத்தில் வரிசையாக வைத்துவிட்டு, தொட்டுக்கொள்ளக் கொடுத்த கத்தரிக்காயைச் சோற்றில் பிசைந்து நான்கு வாய் சாப்பிட்டார். அவருக்குப் பல் இல்லை. பல் இல்லாதவர்களுக்குச் சோற்றைக் குழைய வடிக்க வேண்டும் என்பது எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் சேர்த்து ஆளுக்கு இரண்டு லட்டு வேறு வைத்தோம்.

கிளம்பும்போது இல்லத்தின் காப்பாளர் எங்களைத் தம் அறைக்கு அழைத்துச் சென்றார். நகைக்கடை ஒன்று கொடுத்த மாதக் காலண்டர் சுவரில் தொங்கியது. தீபாவளி, கிறிஸ்துமஸ், ஜனவரி 1, பொங்கல் ஆகிய கட்டங்களில் எழுத இடமில்லாமல் பெயர்கள் நெருக்கிக்கொண்டிருந்தன. வரும் ஆண்டுக்கான காலண்டரையும் அவர் பக்கத்திலேயே மாட்டியிருந்தார், அதில் பிப்ரவரியைத் திருப்பி ஒரு செவ்வாய்க்கிழமையைக் காட்டி, "ஐயா, இந்த நாளை நீங்கள் எடுத்துக்கொள்ள முடியுமா?" என்று கேட்டார். எங்கள் தலைவர், "அன்றைக்கு என்ன விசேஷம்?" என்றார். "விசேஷம் ஒன்றும் இல்லைங்க ஐயா. அன்றைக்கும் நாற்பத்திரண்டு பேர் சாப்பிடணும்" என்றார் காப்பாளர்.

எனவே உங்களுக்கு நான் சொல்வது, பண்டிகை நாளை விட்டுவிட்டு வெறும் நாளைக் கேட்டு வாங்குங்கள் என்பதுதான். உறுப்பினர்களுக்குக் கிறிஸ்துமஸ் அன்று போக வேண்டும் என்று ஆசை இருந்தால், கேக்கை எடுத்துக்கொண்டு போய் ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்துவிட்டு வரலாம். அதை யாரும் வேண்டாம் என்று சொல்லப்போவதில்லை. உணவுக்கு ஒதுக்கிய தொகையை என்ன செய்வது என்பதைக் காப்பாளரிடமே கேளுங்கள். எங்களிடம் அவர் கொடுத்த சீட்டில் இருந்தவை: பெரியவர்களுக்கான டயப்பர், சலவை சோப்பு, ஒரு மாத மின்கட்டணம், கேஸ் சிலிண்டர், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரைகள். இவற்றில் எதையும் கையில் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொள்ள முடியாது என்பதால்தானோ என்னவோ, அவற்றை அதுவரை யாரும் கொண்டுவரவில்லை.

மூன்று அமைப்புகள் ஒரே நாளில் மோதிக்கொள்வதற்குக் காரணம், நாம் ஒருவரோடு ஒருவர் பேசிக்கொள்ளாததுதான். வேலூரில் திருச்சபைகளும் ஜமாத்துகளும் கோயில் அன்னதானக் குழுக்களும் வணிகர் சங்கங்களும் சேவைச் சங்கங்களும் தனித்தனியாகக் கொடுத்துக்கொண்டிருக்கின்றன. உங்கள் ஆண்டிறுதிக் கூட்டத்துக்குச் சிறப்பு விருந்தினராக ஒரு பிரமுகரை அழைப்பதற்குப் பதிலாக, அருகிலுள்ள நான்கு அமைப்புகளின் செயலாளர்களை அழைத்து, யார் எந்த இல்லத்துக்கு எந்த நாளில் போகிறோம் என்று ஒரே தாளில் எழுதிக்கொண்டால், அந்த ஒரு தாளே அந்தக் கூட்டத்தின் பெரிய பலனாக இருக்கும்.

இல்லங்களை மட்டுமே நினைத்துக்கொண்டிருப்பதும் ஒரு பழக்கந்தான். வேலூரில் 1900இல் மருத்துவர் ஐடா ஸ்கடர் ஒற்றைப் படுக்கையோடு தொடங்கிய சி.எம்.சி. மருத்துவமனையை நாடி மேற்கு வங்காளத்திலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் வரும் குடும்பங்கள், வாரக்கணக்கில் அதைச் சுற்றியுள்ள விடுதிகளில் தங்கித் தாங்களே சமைத்துச் சாப்பிடுகின்றன. பண்டிகை நாளில் ஊரைப் பிரிந்து இருப்பவர்கள் அவர்கள். அவர்களுக்குப் பொட்டலச் சோற்றைவிட, இந்தியோ வங்காளமோ தெரிந்த ஒரு தன்னார்வலர் காட்பாடி ரயில் நிலையத்தில் இரவில் நின்று ஆட்டோவுக்கு நியாயமான வாடகை பேசிக் கொடுப்பது பெரிய உதவியாக இருக்கும்.

கேள்வி: குழந்தைகள் இல்லத்தில் புத்தாடை வழங்கும்போது எடுக்கும் படத்தை நாளிதழுக்கு அனுப்பினால்தான் உறுப்பினர்கள் அடுத்த முறை பணம் தருகிறார்கள். இதில் தவறு உண்டா?
- ஒரு வாசகர், குடியாத்தம்

பதில்: உண்டு. இது பண்பாடு சார்ந்த விஷயம் மட்டும் அன்று, சட்டம் சார்ந்தது. இளைஞர் நீதிச் சட்டம், 2015இன் 74ஆம் பிரிவு, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் பெயர், முகவரி, பள்ளி உள்ளிட்ட அடையாளங்களையும் படத்தையும் வெளியிடுவதைத் தடுக்கிறது. மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். குழந்தைகள் நலக் குழுவின் ஆணைப்படி இல்லத்தில் தங்கியிருக்கும் பிள்ளைகள் இந்தப் பாதுகாப்புக்கு உரியவர்கள். வாட்ஸ்அப் குழுவில் போடுவதும் வெளியிடுவதுதான்.

சட்டத்தை விட்டுவிட்டாலும், அந்தப் பிள்ளை நாளை பள்ளிக்குப் போக வேண்டும். ஒரு முறை, படம் எடுப்பவர் கேமராவைச் சரிசெய்யும் வரை, புதுச் சட்டையை நெஞ்சோடு பிடித்தபடி நின்ற ஒரு சிறுவன், அதன் அட்டைப்பெட்டியால் முகத்தை மறைத்துக்கொண்டதைப் பார்த்தேன். "கையை இறக்குடா தம்பி" என்று யாரோ அதட்டினார்கள். அந்த 'யாரோ'வில் நானும் ஒருவன் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். உறுப்பினர்களுக்கு ஏதாவது காட்டியாக வேண்டும் என்றால் கடை பில்லையும், இல்லம் கொடுத்த ரசீதையும், அளவுவாரியான சட்டைப் பட்டியலையும் கூட்டத்தில் படித்துக் காட்டுங்கள்.

கேள்வி: தீபாவளி முடிந்து பழைய துணிகள் நிறைய சேர்ந்திருக்கின்றன. பொங்கலுக்குள் ஜவ்வாது மலைக் கிராமங்களுக்குக் கொண்டுபோகலாமா?
- ஒரு வாசகி, அணைக்கட்டு

பதில்: துவைத்து, பொத்தான் தைத்து, அளவு பிரித்து வைத்தவை என்றால் கொண்டுபோகலாம். கிழிந்ததையும் சாயம் போனதையும் மூட்டை கட்டி மலையேற்றுவது, நம் வீட்டுக் குப்பையை அவர்கள் வாசலில் கொட்டுவதற்குச் சமம். ஒடுகத்தூர் வழியாகப் பீஞ்சமந்தைப் பக்கம் போவதற்கு முன்பு, அங்குள்ள பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளியின் தலைமை ஆசிரியரைக் கேட்டுவிடுங்கள். மார்கழி, தை மாதங்களில் மலையில் குளிர் அதிகம். பிள்ளைகளுக்குப் புதிய ஸ்வெட்டர்தான் வேண்டும் என்று அவர் சொல்லக்கூடும்.

கேள்வி: ஜனவரி 1 அன்று பெரிய ரத்த தான முகாம் நடத்தத் தீர்மானித்திருக்கிறோம். உங்கள் கருத்து?
- ஒரு வாசகர், வாலாஜாபேட்டை

பதில்: நோக்கம் நல்லது, நாள்தான் இடிக்கிறது. சேமித்த சிவப்பணுக்களை அதிகபட்சம் 42 நாள்களும், தட்டணுக்களைப் பொதுவாக ஐந்து நாள்களும்தான் வைத்திருக்க முடியும். ஆண்கள் 90 நாள்களுக்கு ஒரு முறையும் பெண்கள் 120 நாள்களுக்கு ஒரு முறையும்தான் கொடுக்கலாம். உங்கள் சங்கத்து ஆண்கள் எல்லோரும் ஜனவரி 1 அன்றே கொடுத்துவிட்டால், ஏப்ரல் பிறக்கும் வரை அவசரத்துக்கு அழைக்க ஒருவரும் இருக்க மாட்டார்கள். உறுப்பினர்களை நான்கு குழுவாகப் பிரித்து, ரத்த வங்கியைக் கேட்டு நாள் குறியுங்கள். வயது 18க்கு மேல், எடை 45 கிலோவுக்குக் குறையாமல், ஹீமோகுளோபின் 12.5 கிராம் இருக்க வேண்டும் என்பதை அழைப்பிதழிலேயே அச்சிட்டுவிட்டால், வரிசையில் நின்று ஏமாந்து திரும்புகிறவர்கள் குறைவார்கள்.

கேள்வி: என் கணவர் சங்க உறுப்பினர். ஆண்டிறுதிக் கூட்டத்தில் கோலம் போடுவதும், ஆரத்தி எடுப்பதும், பொங்கல் பரிசுப் பைகளில் அரிசி வெல்லம் நிரப்புவதும் எங்கள் வேலை. தீர்மானம் போடும்போது எங்களைக் கேட்பதில்லை. இது எல்லா ஊரிலும் இப்படித்தானா?
- ஒரு வாசகி, சத்துவாச்சாரி

பதில்: எல்லா ஊரிலும் நெடுங்காலம் இப்படித்தான் இருந்தது. அரிமா சங்கம் 1987இலும் ரோட்டரி 1989இலும்தான் பெண்களை உறுப்பினராகச் சேர்க்க இசைந்தன. அதன் பிறகு ஐஸ்லாந்தைச் சேர்ந்த குட்ரூன் இங்வடோட்டிர் 2018-19இல் உலக அரிமா சங்கத்துக்கும், கனடாவைச் சேர்ந்த ஜெனிஃபர் ஜோன்ஸ் 2022-23இல் உலக ரோட்டரிக்கும் தலைமை வகித்துவிட்டார்கள். உங்கள் ஊர்க் கிளையில் மட்டும் நீங்கள் இன்னும் வெல்லம் நிரப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

உறுப்பினரின் மனைவி என்பதால் வாக்கு வராது. உறுப்பினர் ஆனால்தான் வரும். இந்த டிசம்பர் கூட்டத்துக்குப் போகும்போது, செயலாளரிடம் உங்கள் பெயருக்கே ஒரு சேர்க்கைப் படிவம் கேட்டு வாங்குங்கள். சந்தாவை உங்கள் கையாலேயே கட்டுங்கள். அடுத்த ஆண்டுக்கான நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் பேச்சு பொங்கல் முடிந்ததும் தொடங்கிவிடும். பைகளை இத்தனை ஆண்டுகளாக நிரப்பியவர் என்ற முறையில், ஒரு பைக்கு எவ்வளவு செலவாகிறது, எத்தனை பைகள் உரியவர்களுக்குப் போகாமல் உறுப்பினர் வீடுகளுக்கே திரும்புகின்றன என்பது பொருளாளரைவிட உங்களுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். முதல் கூட்டத்தில் அந்தக் கணக்கிலிருந்தே பேசத் தொடங்குங்கள்.